கை நடுங்குகிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 38. வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்கிறேன். கல்யாண ரவிக்கைகள்தான் அதிகம். சென்ற ஆண்டு அம்மா இறந்த பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் போனது. சமைக்கவும் எழ முடியாமல் படுத்துக் கிடந்தேன். மனநல மருத்துவர் எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். நான்கு மாதத்தில் முக்கால்வாசி சரியானது. மீதியும் சரியாகட்டும் என்று ஆறு வாரத்துக்கு முன் 20 மி.கி. ஆக்கினார். இப்போது மனம் நன்றாக இருக்கிறது. ஏழு மாதத்துக்குப் பிறகு மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். ஆனால் மாத்திரையைக் கூட்டிய அடுத்த வாரத்திலிருந்து இரண்டு கைகளும் நடுங்குகின்றன. மாமனாருக்குக் காபி கொண்டுபோனால் டபராவும் டம்ளரும் மோதிக்கொள்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்கிறது. ஆரி ஊசியில் நூல் மாட்டாமல் நழுவுகிறது. மாமியார் இது நரம்புத் தளர்ச்சி என்கிறார். கணவர் மாத்திரையை நிறுத்து என்கிறார். அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் கை நடுங்கியது. எனக்கும் நடுக்குவாதம் வந்துவிட்டதா? நாத்தனார் கை நடுக்கத்துக்குத் தான் சாப்பிடும் ப்ராப்ரனோலால் மாத்திரையில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா? எனக்கு வீசிங் உண்டு, பனிக்காலத்தில் தினமும் இன்ஹேலர் அடிப்பேன். வயிற்று எரிச்சலுக்கு மூன்று மாதமாக ஒரு காப்ஸ்யூல் சாப்பிடுகிறேன். இரண்டு மாதமாக மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது; வயது காரணமாக இருக்கும். தை மாதத்துக்குள் 11 ரவிக்கைகள் முடித்துக் கொடுக்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் மதியம் வரை எழ மாட்டேன். இன்னும் இரண்டு காபி இடையில் வரும். டாக்டரிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த ப்ராப்ரனோலால் அட்டையை இன்றைக்கே நாத்தனாரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது கை நடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் நல்ல மருந்துதான். அவருக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் வீசிங் உள்ளவர்களுக்கு அது மூச்சுக்குழாய்களைச் சுருக்கிவிடும். அப்படிச் சுருங்கிவிட்டால், அவசரத்துக்கு நீங்கள் அடிக்கும் இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது. ஏனென்றால் இன்ஹேலர் மருந்து எந்தக் கதவைத் திறந்து மூச்சுக்குழாயை விரிக்கிறதோ, அதே கதவைத்தான் ப்ராப்ரனோலால் அடைக்கிறது. ஒரே மாத்திரையில் மூச்சு முட்டி மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அன்போடு கொடுத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் வீடுகளில் ஊறுகாயைப் போல மாத்திரையையும் பகிர்ந்துகொள்கிறோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எஸ்சிட்டலோப்ராமை நீங்களாக நிறுத்த வேண்டாம். நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு வாயை மூடியிருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் இந்த இரண்டு வழிகள்தான் பேசப்படுகின்றன என்று நினைக்கிறேன். மூன்றாவதாக ஒரு வழி உண்டு: மருந்தைச் சரிசெய்வது. பெரும்பாலும் அது முடிகிற காரியம்.

நடுங்காத கை உலகத்தில் எவருக்கும் கிடையாது. நல்ல உடல்நலத்தோடு இருப்பவரும் கையை நீட்டிப் பிடித்தால் விரல்கள் நொடிக்கு 8 முதல் 12 முறை மிக நுண்ணிதாக அதிரும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பயம், பசி, தூக்கமின்மை, கடுங்காபி, காய்ச்சல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாகிவிடும். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்சிட்டின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும், அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மருந்துகளும் அதே இயல்பான அதிர்வைச் சிலருக்குப் பெரிதாக்குகின்றன. புதிதாக ஒரு நோய் உள்ளே புகுந்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்த அதிர்வின் ஒலி கூடியிருக்கிறது.

நாள் கணக்கும் இதற்குப் பொருந்தி வருகிறது. எஸ்சிட்டலோப்ராம் உடலிலிருந்து பாதியளவு வெளியேற ஏறக்குறைய 30 மணி நேரம் ஆகும். அதனால் அளவைக் கூட்டினால், புதிய அளவு இரத்தத்தில் நிலைபெற ஒரு வாரம் பிடிக்கும். 'மாத்திரையைக் கூட்டிய அடுத்த வாரத்திலிருந்து' என்று எழுதியிருக்கிறீர்களே, ஒரு மருத்துவருக்கு அந்த ஒரு வரி பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

நடுக்குவாத பயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தூங்கவிடாத பயம் அதுவாகத்தான் இருக்கும் என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த அந்த நோயில் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில் தொடங்கும். கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் நடுங்கும். பொருளை எடுக்கப்போனால் குறைந்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாத்திரை உருட்டுவதைப் போல மெதுவாக உரசிக்கொள்ளும். அதோடு நடை சுருங்கும், நடக்கையில் ஒரு கை வீசாமல் உடலோடு ஒட்டிக்கொள்ளும், முகத்தில் பாவம் குறையும், எழுத்து வரவரப் பொடிப்பொடியாகும். உங்களுக்கோ இரண்டு கைகளும் ஒன்றுபோல நடுங்குகின்றன. டபரா செட்டைத் தூக்கும்போதும் ஊசியைப் பிடிக்கும்போதும்தான் நடுங்குகின்றன. இது வேறு வகை.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, அவற்றின்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து வைக்கச் சொல்லுங்கள். தாளின் ஓரம் படபடவென்று துடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு கைகளை மடியில் தளர்வாகப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அப்போது நின்றுவிட்டால் மருந்து நடுக்கத்தின் குணம் அது. அடுத்து ஒரு வெள்ளைத்தாளில், மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல், நடுவிலிருந்து வெளியே விரியும் ஒரு சுருளை நத்தை ஓட்டைப் போல வரையுங்கள். வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று. ஓரத்தில் தேதி, நேரம், அன்றைக்குக் குடித்த காபி எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். நரம்பியல் மருத்துவர்கள் இன்றும் கையில் காகிதத்தைக் கொடுத்து வரையச் சொல்லும் சோதனைதான் இது. கோலம் போட்டுப் பழகிய உங்கள் கைக்குச் சுருள் வரைவது புதிதல்ல, ஆகவே கோணலைச் சட்டென்று கண்டுகொள்வீர்கள். நடுக்கம் கூடுகிறதா குறைகிறதா என்ற சண்டையே வீட்டில் வராது, தாள் சொல்லிவிடும்.

அம்மாவுக்கு வந்த நடுக்கம் எப்படிப்பட்டது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு வையுங்கள். தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போது நடுங்கியதா, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நடுங்கியதா? செயலின்போது வரும் ஒரு வகை நடுக்கம் குடும்பங்களில் வழிவழியாக வரும். அது உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு மருந்து கொடுத்தால் சற்று எளிதில் நடுக்கம் வெளிப்படலாம். அதனால் மருந்தைத் தேர்ந்தெடுக்க இந்தத் தகவல் உங்கள் மருத்துவருக்கு உதவும்.

மாமியார் சொன்ன 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. மருத்துவத்தில் அப்படி ஒரு நோயே கிடையாது. ஊர்ச்சுவர்களில் எழுதப்பட்ட விளம்பரங்களிலிருந்து நம் வீட்டுக்குள் வந்து குடியேறிய சொல் அது. கை நடுங்கினாலும், களைத்துப் போனாலும், மனம் துவண்டாலும் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயர். அதற்குப் பெயரெழுதாத பொட்டலத்தில் ஒரு பொடி. அப்படிப்பட்ட பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சரியாகத் தயாரிக்கப்படாத மருந்தில் பாதரசம் தங்கியிருந்தால் அந்தப் பாதரசமே கை நடுக்கத்தை உண்டாக்கும். மாமியாரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: உங்கள் நரம்பு எதுவும் தளர்ந்துபோகவில்லை.

இப்போது, நீங்கள் கேட்காமலேயே உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்ட சில விஷயங்களுக்கு வருகிறேன். எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது இன்ஹேலர். அவசரத்துக்கு அடிக்கும் இன்ஹேலர்களில் பெரும்பாலும் சால்பூட்டமால் இருக்கும். அடித்த சில நிமிடங்களிலேயே கை நடுங்கச் செய்யும். நெஞ்சு படபடக்கவும் செய்யும். சில மணி நேரத்தில் அடங்கிவிடும். எஸ்சிட்டலோப்ராம் ஏற்கெனவே நடுக்கத்தைக் கூட்டியிருக்கும் கையில் இது மேலும் ஒரு சுமை. அதற்காக இன்ஹேலரை விட்டுவிடாதீர்கள். மூச்சுதான் முதலில். ஆனால் அவசர இன்ஹேலர் தினமும் தேவைப்படுகிறது என்றால் உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும் தடுப்பு இன்ஹேலரை நெஞ்சக மருத்துவர் எழுதித் தருவார். அதை ஒழுங்காக எடுத்துக்கொண்டால் அவசர இன்ஹேலரின் தேவை குறையும், கூடவே நடுக்கமும் குறையும். தடுப்பு இன்ஹேலர் அடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், மறக்காதீர்கள்.

இரண்டாவது அந்த வயிற்றுக் காப்ஸ்யூல். பெயரை எழுதவில்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துகளின் பெயர்களைப் படித்துப் பாருங்கள். ரேபிப்ரசோல் அல்லது பேன்டோப்ரசோல் என்பதோடு கூட 'லெவோசல்பிரைடு' என்று இருக்கிறதா? நம் நாட்டில் வயிற்று எரிச்சலுக்கும் உப்புசத்துக்கும் இந்தக் கூட்டு மருந்து சர்வ சாதாரணமாக எழுதப்படுகிறது. ஒரு முறை எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். லெவோசல்பிரைடு மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கக்கூடியது. டோபமின் குறைவதுதான் நடுக்குவாதத்துக்கும் அடிப்படை என்பதால், இந்த மருந்தைத் தொடர்ந்து சாப்பிடுகிற சிலருக்கு நடுக்குவாதம் போலவே கை நடுக்கமும் உடல் விறைப்பும் மந்தமும் வருகின்றன. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். தலைச்சுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கப்படும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோக்ளோப்ரமைடு ஆகியவற்றுக்கும் இதே குணம் உண்டு.

நீங்கள் வயதின்மேல் பழியைப் போட்ட மாதவிலக்குப் பிரச்சினையும் இங்கேதான் வந்து சேர்கிறது. லெவோசல்பிரைடு புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும். அது கூடினால் மாதவிலக்கு தள்ளிப் போகும், சிலருக்கு மார்பில் பால் கசியும். காப்ஸ்யூல் மூன்று மாதமாக, மாதவிலக்கு இரண்டு மாதமாக. கணக்கு ஒத்துப்போகிறது. உங்கள் காப்ஸ்யூலில் அந்த மருந்து இருக்கிறது என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை. அட்டையைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. 38 வயதில் மாதவிலக்கு தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட வேண்டும். அதோடு தைராய்டுக்கான டி.எஸ்.எச். சோதனையும் தேவை. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் நடுக்கம், படபடப்பு, வியர்வை, எடைக் குறைவு, மாதவிலக்குக் கோளாறு எல்லாமே வரும். மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கை நடுங்கினால், மருந்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தைராய்டைப் பார்க்காமல் விட்டுவிடும் தவறு மருத்துவர்களுக்கும் நேர்கிறது.

காப்ஸ்யூலில் ஒமிப்ரசோல் அல்லது எசோமிப்ரசோல் இருந்தால் அது வேறு கதை. அவை கல்லீரல் எஸ்சிட்டலோப்ராமைச் சிதைக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். 20 மி.கி. சாப்பிட்டாலும் இரத்தத்தில் அதற்கும் மேலே சாப்பிட்டதைப் போல மருந்து நிற்கும். எப்படி இருந்தாலும் அந்த அட்டை உங்கள் மனநல மருத்துவரின் கண்ணில் பட வேண்டும்.

மூன்றாவது காபி. வெறும் வயிற்றில் டிகாக்‌ஷன் காபி, பிறகு மதியம் வரை உணவில்லாமல் குனிந்த வேலை, நடுவே இன்னும் இரண்டு காபி. காபியும் நடுக்கத்தைக் கூட்டும், பசியும் கூட்டும். வயிற்று எரிச்சலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம், அந்த எரிச்சலுக்காகத்தான் காப்ஸ்யூலே வந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள். காபியை ஒரே நாளில் விட்டால் தலைவலி மண்டையைப் பிளக்கும். இந்த வாரம் ஒன்றைக் குறையுங்கள், அடுத்த வாரம் இன்னொன்றை. காலையில் இரண்டு இட்லியாவது, ஒரு கிண்ணம் கம்பங்கூழாவது வயிற்றுக்குள் போன பிறகு ஊசியை எடுங்கள்.

கணவர் சொல்வதைப் போல மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? இரண்டு மூன்று நாளில் தலை கிறுகிறுக்கும். தலைக்குள் மின்சாரம் பாய்வதைப் போல வெட்டி வெட்டி இழுக்கும். குமட்டல், எரிச்சல், காரணமில்லாத அழுகை, கெட்ட கனவுகள் வரலாம். திடீரென்று நிறுத்துவதால் வரும் தொல்லைகளில் கை நடுக்கமும் ஒன்று என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. மனச்சோர்விலிருந்து மீண்டு, நன்றாக இருக்கிறோம் என்று உணர்ந்த பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும். நீங்கள் முழுமையாக மீண்டு சில வாரங்கள்தான் ஆகின்றன. இப்போது நிறுத்தினால் பழைய இருட்டு திரும்பி வருவதற்கான வாய்ப்பு மிக அதிகம். ஏழு மாதத்துக்குப் பிறகு மகளுக்குத் தலை பின்னிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். அந்தப் பின்னலைப் போட்டதும் இதே நடுங்கும் கைகள்தான். இதைக் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் மருத்துவர் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று தெரிந்துகொண்டு போனால் பேசுவது எளிதாக இருக்கும். சில வாரங்கள் காத்திருந்து பார்க்கலாம். அளவைக் கூட்டியபோது வரும் நடுக்கம் சிலருக்குத் தானாகவே தணியும். ஆனால் உங்களுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது, தையும் நெருங்குகிறது. அளவைக் கொஞ்சம் குறைக்கலாம். எஸ்சிட்டலோப்ராம் 15 மி.கி. மாத்திரையாகவே கிடைக்கிறது. 10இல் முக்கால்வாசி குணமான உங்களுக்கு 15 போதுமானதாக இருக்கலாம். குறைத்த ஒன்றிரண்டு வாரத்தில் நடுக்கம் அடங்குகிறதா என்று தெரிந்துவிடும். மாத்திரை நேரத்தை இரவுக்கு மாற்றுவதும் ஒரு வழி. 30 மணி நேரம் உடலில் தங்கும் மருந்து என்பதால் அதில் பெரிய பலனை எதிர்பார்க்க வேண்டாம். இவை எதுவும் உதவாவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றலாம். பழையதைப் படிப்படியாகக் குறைத்து, புதியதைப் படிப்படியாகக் கூட்டி. நான் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பவனாக இருந்தால், முதல் இரண்டு வாரம் காபி, காப்ஸ்யூல், இன்ஹேலர், தைராய்டு இந்த நான்கையும் சரிபார்ப்பேன். அதன் பிறகுதான் 20ஐ 15 ஆக்குவேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்றே தெரியாமல் போய்விடும். ஆனால் உங்களை நேரில் பார்த்தவர் அவர். அவருக்கு வேறு காரணம் இருந்தால் அவர் சொல்வதே சரி.

மருந்துக்கடையில் கேட்டு, நடுக்கத்துக்கென்று குளோனசெபாம் வாங்கிவிடாதீர்கள். நடுக்கம் அப்போதைக்கு அடங்கும். பழகிவிட்டால், நிறுத்தும்போது முன்னைவிட மோசமாக நடுங்கும்.

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற பயத்துக்கு நான் என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில் ஒரு பொற்கொல்லர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். மருந்து நன்றாக வேலை செய்தது. ஒவ்வொரு முறையும் தூக்கம், பசி, சோகம் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கேன் ஐயா" என்றார். கையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. பொடி வைத்து ஊதும்போது கை உதறி, தங்கம் வீணாகி, பட்டறை முதலாளியிடம் தலைகுனிந்து நின்று, கடைசியில் மாத்திரையையே விட்டிருக்கிறார். நான்கு மாதம் கழித்து அவருடைய மனைவி அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தபோதுதான் எனக்கு இது தெரியவந்தது. மருந்தின் அளவைச் சற்றுக் குறைத்திருந்தால் போதும். அவ்வளவு துன்பமும் இருந்திருக்காது. அன்றிலிருந்து என்னிடம் வருகிற எல்லோரிடமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டச் சொல்கிறேன். நோயாளி சொல்லாமல் விடுவது மருத்துவரைக் காப்பாற்றுவதில்லை, அவருடைய கண்ணைக் கட்டிவிடுகிறது.

புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நெருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "ஆரி வேலை செய்துதான் சம்பாதிக்கிறேன். மாத்திரையைக் கூட்டியதிலிருந்து கை நடுங்குகிறது. மனம் நன்றாக இருக்கிறது, மருந்தை விட எனக்கு விருப்பமில்லை." இதைச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தாலும் சரிதான். உங்கள் வேலை என்ன என்பது முதல் வார்த்தையிலேயே வர வேண்டும். கணக்கெழுதும் ஒருவருக்கு இந்த நடுக்கம் சிறு தொல்லை. உங்களுக்கு அது சோற்றைத் தொடுகிற விஷயம்.

அதுவரைக்கும் வேலை நடக்க வேண்டுமே. ஆரி வேலையில் ஒரு கை துணிக்கு மேலே ஊசியைப் பிடிக்க, இன்னொரு கை கீழிருந்து நூலைக் கொடுக்கிறது. இரண்டு முழங்கைகளும் பெரும்பாலும் அந்தரத்தில் இருக்கும். ஊன்றாத கைதான் அதிகம் நடுங்கும். சட்டத்தின் உயரத்தைச் சரிசெய்து, மேல்கையின் முழங்கை சட்டத்தின் ஓரத்திலோ பக்கத்தில் வைத்த தலையணையிலோ ஊன்றும்படி உட்காருங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வதே பாதி நடுக்கத்தைப் பிடித்து நிறுத்தும். ஊசியின் மரக்கைப்பிடியில் துணிப்பட்டையைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடும். 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து கையைத் தொங்கவிட்டு நடந்துவிட்டு வாருங்கள். இன்ஹேலர் அடித்த உடனேயும் காபி குடித்த உடனேயும் மெல்லிய கோடுகளில் கைவைக்க வேண்டாம். அந்த நேரத்துக்கு மணி கோர்ப்பது, கல் ஒட்டுவது, துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது என்று வேறு வேலையை ஒதுக்குங்கள். கை எந்த நேரத்தில் நிதானமாக இருக்கிறது என்பது இரண்டு வாரக் குறிப்பில் தெரிந்துவிடும். சங்கிலித் தையலை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனாருக்குக் காபியைத் தட்டில் வைத்துக் கொண்டுபோங்கள், டம்ளரை முக்கால் அளவுக்கு நிரப்பி, தட்டை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்தபடி. எல்லோரும் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுக்கம் கூடுவதும் இயற்கைதான். ஒளிக்க ஒளிக்க அது வளரும். "மாத்திரையால் கொஞ்சம் நடுங்குகிறது, டாக்டரிடம் சொல்லப்போகிறேன்" என்று ஒரு முறை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். கூடத்துக்குப் போவது அதன்பிறகு அவ்வளவு கடினமாக இருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. நடுக்கம் திடீரென்று கடுமையாகி, அதோடு காய்ச்சல், கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாத பதற்றம், கால் தசைகள் வெட்டி இழுப்பது இவை சேர்ந்து வந்தால் அன்றைக்கே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எஸ்சிட்டலோப்ராம் கூட்டிவிடுகிற செரட்டோனின் என்ற வேதிப்பொருள் உடலில் அளவு மீறிவிட்டதன் அறிகுறிகள் அவை. பெரும்பாலும் மாத்திரையைக் கூட்டியபோதோ, வேறொரு மருந்து சேர்ந்தபோதோ ஒரு நாளுக்குள் தோன்றும். வலிக்குக் கொடுக்கப்படும் ட்ரமடால், சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் ஆகியவை எஸ்சிட்டலோப்ராமோடு சேர்ந்தால் இது வரக்கூடும். உங்களுக்கு வீசிங் இருப்பதால் பனிக்காலத்தில் இருமல் மருந்து வீட்டுக்குள் வரும். வாங்கும் முன்பு, எஸ்சிட்டலோப்ராம் சாப்பிடுகிறேன் என்று சொல்லி வாங்குங்கள்.

மனம் மறுபடியும் இருண்டு, வாழ்வதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அடுத்த மருத்துவர் சந்திப்பு வரை அதைச் சுமந்துகொண்டு இருக்காதீர்கள். டெலிமானஸ் உதவி எண் 14416; இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அந்தப் 11 ரவிக்கைகளைப் பற்றி. கை நிதானமாகும் வரை புதிய வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நெருக்கமான வேலைப்பாடு உள்ள இரண்டு மூன்றை, நீங்கள் நம்பும் வேறொரு ஆரி வேலைக்காரப் பெண்ணிடம் கூலிக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். வருமானத்தில் கொஞ்சம் குறையும், ஆனால் தூக்கம் மிஞ்சும். தூக்கம் குறைந்தாலும் கை நடுங்கும்.

இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் கேளுங்கள். போகும்போது காப்ஸ்யூல் அட்டை, இன்ஹேலர், சுருள் வரைந்த தாள் இவற்றோடு, மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் செய்த ஒரு துணித்துண்டையும் இப்போது செய்த ஒன்றையும் பையில் எடுத்து வையுங்கள். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டுங்கள்.